அசையாத இருக்கை

அத்தியாயம் பதினான்கு

மூடுபனி அன்று காலை பையூ என்னும் சதுப்பு ஓடையை விட்டு எழுந்திருக்க மனமில்லாமல் கிடந்தது. கரிய நீரின் மேல் ஓர் ஆள் உயரத்துக்கு வெள்ளை. அதற்கு மேலே சைப்ரஸ் மரங்களின் தலைகள் மட்டும், அடிமரமே இல்லாமல், எங்கோ மெல்லப் போய்க்கொண்டிருப்பவை போலத் தெரிந்தன. ஹெலிகாப்டர் தளத்தின் விளக்குகள் தங்களைச் சுற்றிப் பஞ்சு உருண்டைகளைக் கட்டிக்கொண்டு நின்றன.

மெக்கானிக் ஒடலி ஏணியின் மேல் நின்று, ஹெலிகாப்டரின் கியர்பெட்டிக்கு அடியில் தலையை நுழைத்திருந்தாள். டார்ச் விளக்கு பல்லிடுக்கில் இருந்தது. கை, கியர்பெட்டியைத் தாங்கி உதறலை விழுங்கும் மவுண்டுகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு போயிற்று. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. ஒவ்வொன்றும் ஒரு குழம்புக் கிண்ணத்தைவிடக் கொஞ்சம் பெரிது. கசிவு இல்லை. ரப்பரில் வெடிப்பு இல்லை. உள்ளே காற்றுக் குமிழி இல்லை என்பதை அவளே முந்தாநாள் இரண்டு முறை உறுதி செய்திருந்தாள்.

ஒரு குறையும் இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

போன வாரம் கடலில் நிற்கும் எண்ணெய் மேடையின் சமையல்காரர் ஒருவர் வரவேற்பு மேசையின் மேல் தன் பல்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு, "உங்க புது ஹெலிகாப்டர் இதை என் வாயிலேர்ந்து ஆட்டி எடுத்துடுச்சு" என்று சொன்னதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதுவரை எல்லாரும் பதிவேட்டைத்தான் நம்பியிருந்தார்கள். பதிவேட்டில் பைலட் உலிஸ் தன் குண்டு எழுத்தில் ஆறு நாளும் 'நன்று' என்றே எழுதியிருந்தான். முதலாளி லுக் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோது, உலிஸ் சுவரில் இருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் ஏன் பொய் எழுதினான் என்று ஒடலி கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை. இந்த நான்கு திரவ மவுண்டுகளும் ஒரேலியனின் ஆசை. ஒரேலியன் அவளுடைய கணவன், உலிஸுக்கு அண்ணன், இந்தத் தளத்தின் தலைமை மெக்கானிக்காக இருந்தவன். இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து, சாய்வு நாற்காலியில் செய்தித்தாளோடு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. மவுண்டுகளைக் கேட்டு அவன் எழுதி வைத்திருந்த கடிதத்தை ஒடலிதான் தபாலில் சேர்த்தாள்.

லுக் நல்ல மனிதர். ஆனாலும் கெடு வைத்துவிட்டார். இன்று மாலை நான்கு மணிக்கு லாரி வரும். அதற்குள் ஹெலிகாப்டர் அமைதியாகப் பறந்து காட்ட வேண்டும். இல்லாவிட்டால் நான்கும் பெட்டிக்குள் போய்விடும், பழைய ரப்பர் மவுண்டுகள் திரும்பி வரும்.

அப்படித் திரும்பி வந்தால் உலிஸ் பறக்க முடியாது. இனி உதறுகிற எதிலும் உட்காராதே, முதுகெலும்பில் மிச்சம் ஒன்றும் இல்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். உலிஸுக்கு வயது ஐம்பத்து நான்கு. அதில் இருபத்தாறு வருடம் ஆகாயத்தில் கழிந்தது.

"நானன், காபி!"

கீழே செலீ நின்றிருந்தாள். உலிஸின் மகள், ரேடியோ அறையில் வேலை. ஞானஸ்நானத்தன்று அவளைக் கையில் ஏந்தி நின்றவள் ஒடலி. அதனால் பேச்சு வந்த நாள் முதல் அவளுக்கு நானன், அதாவது ஞானத்தாய்.

ஒடலி இறங்கி வந்து கோப்பையை வாங்கிக்கொண்டாள். சிக்கரி தூக்கலாக இருந்தது.

"பனி எப்ப விலகுமாம்?"

"பத்தரைக்கு மேலன்னு வானிலைக்காரர் சொல்றார். நேத்தும் பத்தரைன்னார். முந்தாநாளும் பத்தரைன்னார். அவர் கடிகாரம் அங்கயே நின்னுபோச்சு போல."

"உங்கப்பா?"

"ஷேவ் பண்ணிட்டு இருக்கார். மூணாவது தடவை. கல்யாணத்துக்குக் கெளம்பற மாதிரி."

"தவக்காலத்துக்கு என்னத்தை விட்டாராம்?"

"திட்டறதை விட்டுட்டாராம், ஈஸ்டர் வரைக்கும். புதன்கிழமை நெத்தியில சாம்பலைப் பூசிட்டு வந்து சொன்னார். நேத்து சமையலறைக் குழாய் ஒடஞ்சு மூஞ்சியில அடிச்சுது. பாவம் நானன், வாயைத் தொறந்து தொறந்து மூடினார். தரையில போட்ட மீன் மாதிரி."

ஒடலி சிரித்துவிட்டாள். காபி மூக்கில் ஏறிற்று.

"நீ என்னத்தை விட்டே?"

"வம்பு பேசறதை. நேத்து மத்தியானம் வரைக்கும் தாக்குப்பிடிச்சேன்." செலீ பனிக்குள் பார்த்தாள். "நானன், அந்த நாலும் திரும்பிப் போச்சுன்னா மிஸ்டர் லுக் அப்பாவை என் ரூம்லதான் உக்கார வெப்பார். என் பக்கத்து நாற்காலியில. நாள் பூரா ஜன்னலைப் பாத்துட்டு..."

கேலியாகத்தான் ஆரம்பித்தாள். பாதியில் குரல் இறங்கிவிட்டது.

"தரையில ஓட்டிப் பாத்தா பூனைக்குட்டி மாதிரி இருக்கு," என்றாள் ஒடலி. "மேல போனா மட்டும் ஏன்னு தெரியல. இன்னிக்கு நானும் கூடப் போறேன்."

செலீ அவளைத் திரும்பிப் பார்த்தாள். ஒரேலியன் போன பிறகு ஒடலி ஒரு நாளும் மேலே போனதில்லை.

உலிஸ் பத்து மணிக்கு வந்தான். தன் வண்டியிலிருந்து அவன் இறங்குவதே இரண்டு தவணை. முதலில் இடுப்புவரை, பிறகு கொஞ்சம் மூச்சு, பிறகு மிச்சம். கன்னத்தில் மூன்று இடத்தில் காகிதத் துணுக்கு ஒட்டியிருந்தான்.

"நீ எதுக்கு?" என்றான், ஒடலி ஹெட்செட்டை எடுப்பதைப் பார்த்து.

"சும்மா. காத்து வாங்க."

"என்னை வேவு பாக்க வர்றே."

"ஆறு நாள் நன்று நன்றுன்னு எழுதினவனை வேற என்ன பண்றதாம்?"

அவன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். தவக்காலம் நினைவுக்கு வந்தது. மூடிக்கொண்டான்.

பனி பதினொன்றரைக்கு விலகிற்று. விலகிற்று என்றும் சொல்ல முடியாது. யாரோ பையூவின் மேலிருந்து ஒரு போர்வையை ஓரம் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். போகிற போக்கில் ஒரு தகரக்கூரை, ஓர் இறால் படகு, ஒரு சிலுவை என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

ஹெலிகாப்டர் தரையை விட்டது. உலிஸ் வலது பக்கம், ஒடலி இடது பக்கம். பின்னால் பதின்மூன்று இருக்கைகளும் காலி. பத்தடி உயரத்தில் அவன் சற்று நிறுத்தி வைத்தான்.

அமைதி. ஒடலி தன் முட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை.

"பாத்தியா?" உலிஸின் குரல் காதுக்குள் வந்தது. "வீட்டு வாசல்ல இருக்கற வரைக்கும் நல்ல பிள்ளை. தெரு முனையைத் தாண்டட்டும், அப்பறம் தெரியும்."

மூக்கைத் தாழ்த்தி அவன் முன்னால் போனான். கீழே பையூ சுருண்டு சுருண்டு வந்தது. வீடுகள் குறைந்தன. சாலை ஒரு வேலியில் போய் முடிந்தது. பிறகு சதுப்புதான், கிழிந்த லேஸ் துணியை விரித்தது போல, பாதி புல், பாதி தண்ணீர், எல்லா ஓட்டையிலும் கொஞ்சம் வானம். அவர்களுடைய நிழல் புல்லின் மேல் ஏறி, நீரில் வழுக்கி, மறுபடி புல்லில் ஏறிற்று. ஒரு வெள்ளைக் கொக்கு அதைப் பார்த்து எழுந்திருப்பதா வேண்டாமா என்று யோசித்தது.

ஆயிரம் அடியில் உலிஸ் நிமிர்த்தினான். வேகம் நிலைத்தது.

அப்போது அது வந்தது. நாற்காலிக்கு அடியிலிருந்து, மரப்பாலத்தில் லாரி ஏறுவது போல. முன்னால் இருந்த மானிகளின் கடிகார முகங்களில் ஒவ்வொரு எண்ணும் இரண்டாகத் தெரிந்தது. ஒடலியின் பற்கள் தாமாகக் கடித்துக்கொண்டன.

"வந்துட்டானா?" என்றான் உலிஸ்.

ஒடலி அவன் கைகளைப் பார்த்தாள். சற்று முன்னால் எதையோ பார்த்தோம் என்று அவளுக்குத் தோன்றியது. மிகச் சின்ன அசைவு. ஜெபமாலையில் ஒரு மணியைத் தள்ளுகிற அளவுக்கு.

"இப்ப என்ன பண்ணே?"

"ஒண்ணும் பண்ணல."

"உன் கட்டைவிரல்."

"என்ன கட்டைவிரல்?"

அவன் இடது கை பக்கத்துப் பிடியின் மேல் இருந்தது. பிடியின் தலையில் ஒரு சின்ன விசை. மேலே தள்ளினால் ரோட்டரின் வேகம் கொஞ்சம் கூடும். கீழே தட்டினால் குறையும். கட்டைவிரல் அதன் மேல் உறங்குவது போலக் கிடந்தது. ஒடலி ரோட்டர் முள்ளைத் தேடினாள். உதறலில் அது இரண்டு முள்ளாக நின்றது. நூறு சதவீதத்தில் இல்லை.

"தொண்ணூத்தேழு," என்றாள்.

"ஆமா. எப்பவும் தொண்ணூத்தேழுதான்."

"எப்பவுமா? ஏன்?"

"ஏன்னா என்ன? மேல வந்தா ரெண்டு தட்டு. அது அதுவா போகும்."

"யார் சொல்லிக் குடுத்தா?"

உலிஸ் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தான்.

"உன் வீட்டுக்காரன்தான்," என்றான்.

அவளுக்கு நினைவு வந்தது. பழைய ஹெலிகாப்டர், ரோட்டரில் இரண்டே இறக்கை. ஒரேலியன் ஒரு நாள் முழுவதும் அதன் பின் இருக்கையில், முட்டியின் மேல் ஒரு தம்ளர் தண்ணீரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தம்பியை ஒவ்வொரு வேகமாக வைக்கச் சொல்லிப் பார்த்தான். நூறில் தண்ணீர் சட்டையில் கொட்டிற்று. தொண்ணூற்றேழில் தம்ளருக்குள்ளேயே நின்றது. அன்று மாலை ஈரச் சட்டையோடு வீட்டுக்கு வந்து, அவளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான்.

இருபது வருடமாக உலிஸின் விரல் அதைச் செய்துகொண்டிருக்கிறது. அவனைக் கேட்காமலே.

"உலிஸ், இது அது இல்ல."

"எது எது இல்ல?"

"அது ரெண்டு இறக்கை. இது நாலு. அதைவிடு. இந்தக் கிண்ணத்துக்குள்ள இருக்கற திரவத்துக்கு ஒரே ஒரு தாளம்தான் தெரியும். தோணியில ரெண்டு பேர் நிக்கறான்னு வெச்சுக்கோ. நீ இந்தப் பக்கம் சாயற அதே நேரத்துல அவன் அந்தப் பக்கம் சாயணும். அப்பதான் தோணி ஆடாது. அவன் கொஞ்சம் பிந்தினா?"

"ரெண்டு பேரும் தண்ணியில."

"அதான். கியர்பெட்டி தள்றப்ப திரவம் அந்தச் சின்ன ஓட்டை வழியா எதிர்ப்பக்கம் ஓடி இழுக்குது. நூறுக்குத்தான் அதைப் பழக்கியிருக்கு. தரையில நான் நூறுல ஓட்டறேன், சோதனை அட்டையில அப்படித்தான் போட்டிருக்கு. நீ மேல வந்ததும் மூணு கொறைக்கறே. தள்றவன் ஒரு தாளம், இழுக்கறவன் ஒரு தாளம்."

கீழே ஒரு நேரான எண்ணெய்க் கால்வாய் வந்து போயிற்று.

"அண்ணன் சொன்னது தப்புங்கறே," என்றான் உலிஸ்.

"அண்ணன் சொன்னது சரி. ஹெலிகாப்டர்தான் மாறிப்போச்சு."

அவன் விசையைத் தொடவில்லை. முன்னால் பார்த்துக்கொண்டு ஓட்டினான். உதறல் அவன் கன்னத்தில் தெரிந்தது; ஒட்டியிருந்த காகிதத் துணுக்குகள் துடித்தன.

"உனக்கு வீடு இருக்கு," என்றான் கடைசியில். குரலும் உதறிற்று, ஹெலிகாப்டரால்தான் என்று சொல்லிக்கொள்ளலாம். "அவன் சட்டை எல்லாம் அலமாரியில இருக்கு. அவன் எழுதினது இருக்கு. எனக்கு அவன் விட்டுட்டுப் போனது இந்த ரெண்டு தட்டு ஒடலி. வேற ஒண்ணும் இல்ல."

இரண்டு வருடத்தில் அவன் அண்ணனைப் பற்றி இவ்வளவு பேசியதில்லை. அவள் கையை நீட்டி அவன் சட்டைக் கையின் மேல் வைத்தாள். தள்ளவில்லை. வெறுமனே வைத்தாள்.

சதுப்பு முடிந்து கடல் தொடங்கியது. தொடங்குகிற இடம் தெரியவில்லை. மிச்சம் இருந்த பனியில் நீரும் வானமும் ஒரே பால் நிறம்.

கட்டைவிரல் மேலே நகர்ந்தது. ஒரு தள்ளல். சற்றுப் பொறுத்து, இன்னொன்று.

உதறல் குறையவில்லை, போய்விட்டது. வெகுநேரம் உட்கார்ந்திருந்த விருந்தாளி சொல்லாமல் எழுந்து போனது போல. கடிகார முகங்களில் எண்கள் ஒவ்வொன்றாகத் தங்கள் இடத்தில் வந்து உட்கார்ந்தன. அவன் சட்டைக் கையிலிருந்து தொங்கிய நூல் நேராக நின்றது. ஒடலி தன் பற்களை விட்டாள்.

அவர்கள் பறக்கவில்லை. ஓர் இடத்தில் இருந்தார்கள். கடல்தான் அவர்களுக்கு அடியில் மெல்ல இழுபட்டுக்கொண்டு போயிற்று. ஓர் எண்ணெய் மேடை பாலுக்குள்ளிருந்து எழுந்து, தன் ஏணிகளையும் விளக்குகளையும் காட்டிவிட்டு, மறுபடி உள்ளே போயிற்று. இரைச்சல் கேட்டது, ஆனால் அடுத்த வீட்டில் கேட்பது போல. தலைக்கு மேலே நான்கு கிண்ணத்திலும் அந்தக் கனத்த திரவம் நொடிக்கு இருபது தடவைக்கு மேல் ஓடி ஓடித் திரும்புகிறது, இங்கே யாருக்கும் தெரிய வேண்டாம் என்பதற்காக. ஒடலி அதை நினைத்துக்கொண்டாள். ஒரேலியன் ஒரு நாளும் இதில் உட்கார்ந்ததில்லை. சாப்பாட்டு மேசையில் பென்சிலால் இதைக் கோடாக வரைந்து காட்டியதோடு சரி. ஆனால் இப்படித்தான் இருக்கும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

உலிஸ் நிதானமாக, முழுதாக, ஒரு கெட்ட வார்த்தை சொன்னான்.

"தவக்காலம்," என்றாள் ஒடலி.

"சாமி மன்னிப்பார். அவரும் இதுல ஒக்காந்து பாக்கட்டும்." அவன் சிரித்தான். கண் ஓரம் நனைந்திருந்தது. "யாரோ தூக்கி இடுப்புல வெச்சுட்டுப் போற மாதிரி இருக்கு. இப்படியே இன்னும் பத்து வருஷம் ஓட்டுவேன் நான்."

"ஓட்டு, ஷா," என்றாள் ஒடலி செல்லமாக. "யாரு வேணாங்கறா?"

அவன் பெரிய வட்டமாகக் கரையை நோக்கித் திருப்பினான். சூரியன் ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாறிற்று.

"ஒடலி."

"ம்."

"கொஞ்சம் குனிஞ்சு பாரேன். என் இடது கால் பெடல் மேல இருக்கா?"

அவள் சிரித்தாள். வேடிக்கைக்குச் சொல்கிறான் என்று நினைத்தாள். அவன் சிரிக்கவில்லை.

குனிந்து பார்த்தாள். தேய்ந்த பழுப்புக் காலணி பெடலின் மேல் இருந்தது.

"இருக்கு."

"இருக்கா. சரி." சற்று நேரம் கழித்துச் சொன்னான்: "எனக்குத் தெரியல."

"தெரியலன்னா?"

"ஆட்டத்துல ரெண்டு காலும் மரத்துத்தான் கெடக்கும். எறங்கின பிறகும் ரொம்ப நேரம் அப்படியே இருக்கும். எல்லா பைலட்டுக்கும் அப்படித்தான், அதை யாரும் சொல்லிக்கறதில்ல. இப்ப ஆட்டம் நின்னுது. வலது கால் முழிச்சுக்கிச்சு. பெடல் தெரியுது, விரல் தெரியுது, காலுறையில இருக்கற ஓட்டைகூடத் தெரியுது. இடது..." அவன் நிறுத்தினான். "இடது பக்கம் ஒண்ணுமே இல்ல ஒடலி. அங்க யாரும் இல்ல."

ஹெலிகாப்டர் அசையாமல் போய்க்கொண்டிருந்தது.

"எறக்க முடியுமா?"

"கண்ணால பாத்து மிதிச்சா முடியும். ஆனா நான் வெளிய பாக்கணும். நீ காலைப் பாத்து சொல்லிட்டே வா."

ஒடலி பட்டையைத் தளர்த்திக்கொண்டு குனிந்தாள். அதன் பிறகு சதுப்பையும் பையூவையும் அவள் பார்க்கவில்லை. ஒரு காலணியை மட்டும் பார்த்தாள்.

"இருக்கு... இருக்கு... நுனிக்குப் போகுது, கொஞ்சம் இழு. இன்னும். ஆங். இருக்கு... இப்ப மிதிக்கறே. விடறே. இருக்கு..."

ரேடியோவில் செலீ காற்று இல்லை என்றாள், தளம் காலி என்றாள், பிறகு பொறுக்க முடியாமல், "அப்பா, எப்படி இருக்கு?" என்றாள்.

"நல்லாயிருக்கு, கண்ணு," என்றான் உலிஸ். "ரொம்ப நல்லாயிருக்கு."

சக்கரம் தரையைத் தொட்டது தெரியவே இல்லை. இறக்கைகள் தளர்ந்து, ஒவ்வொன்றாக எண்ணுகிற அளவுக்கு மெதுவாகி, நின்றன.

லுக் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். "மிஸ் ஒடலி! பல்லெல்லாம் இருக்கா?"

ஒடலி இறங்கி நின்றாள். "எல்லாம் இருக்கு. அந்த லாரியை வெறுங்கையோட அனுப்புங்க மிஸ்டர் லுக். மவுண்டுல கோளாறே இல்ல. நூறுல வெச்சுப் பறக்கணும், அவ்வளவுதான்."

லுக் இரண்டு கையையும் மேலே தூக்கினார். தொப்பி பறந்தது. "அப்ப திங்கக்கிழமை காலையில முதல் ட்ரிப் உலிஸ்தான்! பதின்மூணு பேரு! அந்தச் சமையல்காரரை முன் சீட்டுலயே உக்கார வெக்கறேன்!"

செலீ ஈரப் புல்லில் ஓடி வந்து பைலட்டின் கதவைத் திறந்தாள். உலிஸ் இறங்கவில்லை. ஹெட்செட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, மகளின் தலைக்கு மேலாக ஒடலியைப் பார்த்தான். ஒடலி சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் வந்ததும் செலீ வழிவிட்டு விலகி நின்றாள்.

"ஒரே ஒரு ட்ரிப்," என்றான், அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில். "திங்கக்கிழமை மட்டும். இந்த மாதிரி ஒரு தடவை. அப்பறம் காலைப் பத்தி நானே சொல்லிடறேன்."

அவன் கேட்பது எது என்று அவளுக்குத் தெரியும். அந்த அசையாத இருக்கை எவ்வளவு இதமான இடம் என்பதும் தெரியும். இப்போதுதான் அங்கிருந்து வருகிறாள். அவன் முதுகுக்குப் பின்னால் வரிசையாக இருந்த பதின்மூன்று காலி இருக்கைகளையும் பார்த்தாள்.

"செலீ," என்றாள், லுக்குக்கும் கேட்கும்படி. "இங்க வா. உன் தோளைக் குடு. அப்பாவுக்கு இடது காலே தெரியல. மேலயே தெரியல."

லுக்கின் கைகள் மெல்லக் கீழே வந்தன. செலீ கதவருகே வந்து தோளைச் சாய்த்து நின்றாள்.

உலிஸ் அந்தத் தோளைத் தொடவில்லை. கதவுச் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், வலது காலைத் தரையில் வைத்தான். பிறகு குனிந்து, மற்றக் காலைக் கையால் தூக்கி, ஒரு பெட்டியை இறக்கி வைப்பது போல அதன் பக்கத்தில் வைத்தான்.